படம் எப்பிடி, மச்சான்?

வெள்ளவத்தையில் புதுப்படம் வெளியாகிற நாளில், முதல் காட்சி முடிகிற நேரம் பார்த்துச் சவோய் தியேட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள். கதவு திறக்கிறது, சனம் வெளியே வருகிறது, ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை! ஓட்டோக்காரர் கூப்பிடுகிறார், காலி வீதியில் பஸ் வந்து நின்று போகிறது, யாரும் அசைவதில்லை.

"என்ன மாதிரி?"

"முதல் பாதி திறம்."

"பாட்டு?"

"பாட்டு பரவாயில்லை. பின்னணி இசை அந்த மாதிரி!"

"அந்தக் கடைசிச் சண்டை தேவையே?"

"அதுக்குத்தானேடாப்பா நான் வந்ததே!"

இந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு சின்னக் கூட்டம் இருக்கிறது. படம் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதும் அதைப் பற்றிக் கதைப்பதும் அவர்களுக்கு மூச்சு. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, எந்தப் பத்திரிகையும் அனுப்பவில்லை. சொந்தக் காசில் ரிக்கெற் எடுத்து, சொந்தத் தொண்டையில் சண்டை பிடித்து, இரவே கைத்தொலைபேசியில் கருத்தைப் பேசி அனுப்பிவிட்டுத்தான் படுப்பார்கள். விடியும்போது அது ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள மச்சாள், மருமகன் எல்லாருடைய காதிலும் ஏறிவிடும். "கொழும்பில என்ன சொல்லுறாங்கள்?" என்று கேட்டுவிட்டு அங்கே படத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

இவர்களுடைய திரைமறைவு வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கு இடம் கிடைத்தது. பெயர் போடக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. எனவே நான்கு பேரையும் ஒருவரை ஒருவர் அவர்கள் கூப்பிடுகிறபடியே கூப்பிடுகிறேன்: ரீச்சர், தம்பி, அங்கிள், சவுண்ட்ஸ்.

ரீச்சர் வெள்ளவத்தை. கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறவர். பாட்டு தொடங்கினால் கை தானாகத் தொடையில் தாளம் போடும். தம்பி கொட்டாஞ்சேனை, விவேகானந்த மேட்டுப் பக்கம். பகலில் புறக்கோட்டையில் மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அங்கிள் பிறந்தது ஜம்பட்டா வீதி, இப்போது இருப்பது வெள்ளவத்தை. இரண்டு ஊருக்கும் பொதுவான நீதிபதி. சவுண்ட்ஸ் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர்.

நான் முதலில் கவனித்தது அவர்கள் உட்காருகிற விதத்தைத்தான். நாலு பேரும் ஒரே வரிசையில் இருப்பதே இல்லை! சவுண்ட்ஸ் நடுவில், எல்லாப் பக்கச் சத்தமும் ஒத்து வருகிற இடத்தைத் தேடிப் பிடிப்பார். ரீச்சருக்கு ஓரக்கதிரை. இருட்டிலேயே குறிப்பு எழுதுவார், கொப்பியைப் பார்க்காமல். தம்பி கடைசி வரிசை. ஏன் என்று கேட்டேன்.

"படத்த மட்டும் பாத்தா பாதிதான் தெரியுங்க. ஆக்கள் எங்க சிரிக்கிறாங்க, எங்க போனை எடுக்கிறாங்கன்னு பின்னுக்கு இருந்தாத்தான் விளங்கும்."

என்ன அழகான சூத்திரம்! சாதாரண ரசிகன் என்று நாம் நினைக்கிற ஆளுக்குள் இப்படி ஒரு ஆய்வாளர் இருக்கிறார்.

அங்கிளோ பாட்டு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். எத்தனை கோடி செலவழித்து எந்த நாட்டில் ஆடினாலும் அவருக்குக் கவலையில்லை. முதலில் காதுக்கு வேலை. பிடித்திருந்தால் இரண்டாம் தடவை பார்க்கும்போது கண்ணைத் திறப்பார்.

இடைவேளைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாலு பேரும் சிற்றுண்டிக் கடைக்கு முன்னால் கூடுவார்கள். கையிலுள்ள ரோல்ஸ் முடிவதற்குள் ஆளுக்கு ஒரு வசனம் சொல்லியாக வேண்டும். சொன்னதை மாற்றக்கூடாது. படம் முடிந்தபின் வேறு கருத்து வந்தால், இடைவேளையில் என்ன சொன்னேன், எந்த இடத்தில் மனம் மாறினேன் என்று விளக்க வேண்டும். இதை அவர்கள் விளையாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கோ இது நேர்மையான விமர்சனத்துக்குப் பெரிய பயிற்சியாகப் படுகிறது. ஒரு படம் நம்மை எந்தக் காட்சியில் வென்றது, எந்தக் காட்சியில் கைவிட்டது என்று திட்டமாகச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

காட்சி முடிந்ததும் நடை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் மரைன் டிரைவ். ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ரயில் போகிற நேரம் மட்டும் வாதம் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். கொத்து பார்சல் பிரிபடும், பிளேன்ரீ வரும்.

நான் போன காலத்தில் இவர்கள் இன்னும் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த படம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே 1ஆம் திகதி, சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் வந்த படம். அபிஷன் ஜீவிந்த் என்கிற மிக இளம் இயக்குநரின் முதல் படம். சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளோடு இலங்கையிலிருந்து படகேறிப் போய்ச் சென்னையில் ஒளிந்து வாழ்கிற குடும்பம். பெரிய படத்துக்குப் பக்கத்தில் சின்னப் படமாக வந்து, பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தது. தெலுங்கில் இருந்து ராஜமௌலி கூடப் பாராட்டினார். வாய்வழிக் கருத்துக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு அண்மைக்காலத்தில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் கொழும்பில் அந்தப் படம் பற்றிய பேச்சு வேறு விதமாகப் போனது. கதையின் முடிச்சே பேச்சுத்தான் அல்லவா? வாயைத் திறந்தால் இலங்கை என்று தெரிந்துவிடும், அதனால் கேரளா என்று சொல்லிச் சமாளிக்கச் சொல்கிறார் மைத்துனராக வரும் யோகி பாபு. இந்த இடத்தில் ரீச்சர் துள்ளி எழும்புகிறார்.

"சிம்ரனைப் பாருங்கோ! தமிழே தாய்மொழி இல்லாத பிள்ளை. எங்கட சொல்லு எல்லாம் சரியா வரேல்லைத்தான். ஆனா வசனத்தை முடிக்கேக்க ஒரு இழுவை இருக்கல்லோ, அந்த ராகம் பிடிபட்டிட்டுது. எனக்கு அது காணும்."

அங்கிள் தலையாட்டிவிட்டு 2000ஆம் ஆண்டுக்குப் போனார். 'தெனாலி'யில் கமல்ஹாசன் பேசிய தமிழ் அவருக்கு இன்னும் ஒரு அளவுகோல். நம் வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதும் தோன்றிய படம் என்பதால் தனிப் பாசம் வேறு.

தம்பி அதுவரை கொத்தில் கவனமாக இருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"எல்லாம் சரிங்க. ஆனா இலங்கைத் தமிழ்னா ஏன் எப்பவும் ஒரே தமிழ்தான்? எங்க கொட்டாஞ்சேனைல யாரு அப்பிடிப் பேசுறா? நான் பேசுறது இலங்கைத் தமிழ் இல்லையா? ஹட்டன்ல பேசுறது? மட்டக்களப்புல பேசுறது? மருதானைல முஸ்லிம் ஆக்கள் பேசுறது? இதுல ஒண்ண ஒரு படத்துல காட்டச் சொல்லுங்க பாப்பம்!"

நான் உட்கார்ந்த இடத்தில் இருந்து கைதட்டிவிட்டேன். இதுவல்லவா விமர்சனம்! சென்னைக் கமெரா இலங்கையை நோக்கித் திரும்பும்போதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழின் ஒரு சாயலை எடுத்துக்கொண்டு திருப்திப்பட்டுவிடுகிறது. கொழும்பின் வடக்கில் மலையக வேரும் இந்திய வணிகக் குடும்பங்களின் வேரும் சிங்கள அயலும் கத்தோலிக்கக் கோயில் மணியும் கலந்து உருவான ஒரு தமிழ் இருப்பது அவர்கள் காதில் விழவே இல்லை. ரீச்சரும் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், அன்று இரவு அவர் பேசி அனுப்பிய கருத்தில் தம்பியின் கேள்வியைத்தான் முதலில் வைத்தார், "இது என்ர இல்லை, கொட்டாஞ்சேனைத் தம்பியின்ர" என்று சொல்லி. மற்றவர் கருத்தைச் சொந்தக்காரர் பேரோடு சொல்கிற இந்தப் பழக்கம்தான் இவர்களை எனக்கு இவ்வளவு பிடிக்க வைக்கிறது.

'பொன்னியின் செல்வன்' வந்த 2022 செப்டெம்பரை அவர்கள் நினைவு கூர்ந்ததும் இதே சூட்டில்தான். நாடு பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை காட்டிக்கொண்டிருந்த வருடம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்களாம். அருள்மொழிவர்மன் ஈழத்தில் நிற்கிற காட்சிகள் தாய்லாந்தில் எடுக்கப்பட்டவை என்பதில் அங்கிளுக்கு இன்னும் மனத்தாங்கல் ஆறவில்லை. கதையை எழுதுவதற்காகக் கல்கி ஓவியர் மணியத்தோடு இங்கே வந்து இடம் இடமாகப் பார்த்துப் போனாரே, படம் எடுக்க வந்திருக்கக் கூடாதா என்கிறார். ரஹ்மானின் இசை ஒலித்தபோது மட்டும் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாராம்.

அங்கிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அவரிடம் பழைய பாட்டுக் கொப்பிகள் இருக்கின்றன. சின்ன வயதில் ஜம்பட்டா வீதித் தேநீர்க் கடை வாசலில் நின்று இலங்கை வானொலி கேட்டு எழுதியவை. பாட்டு, படம், இசையமைப்பாளர், பாடியவர், பக்கத்தில் ஒரு சொல்லில் அவருடைய தீர்ப்பு. 'திறம்.' 'கலாதி.' 'அறுவை.' சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் தீர்ப்பை வெட்டி, பிறகு வேறு மையில் மாற்றி எழுதியிருக்கிறார். கேட்கக் கேட்கப் பிடித்துப்போன பாட்டுகள் அவை! பக்கங்களைப் புரட்டப் புரட்ட எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த ஊருக்குக் கருத்துச் சொல்வது ரத்தத்தில் ஊறியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல், அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில், அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தது. இந்தியா முழுவதும் வானொலி முள் கொழும்புக்குத் திரும்பியது. அதே வருடம் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' கொழும்பு அலைவரிசையில் வரத் தொடங்கியது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் வைத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்திய நிகழ்ச்சி. 1957இல் இந்தியா 'விவித பாரதி'யைத் தொடங்கிப் பாட்டைத் திரும்ப அழைத்துக்கொண்டபோதும் கொழும்பின் மவுசு குறையவில்லை.

தமிழில் மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று குரல்கள் வரிசை கட்டின. கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் அந்தப் பெயர்கள் வீட்டுப் பெயர்கள். கே.எஸ். ராஜா புதுப்படத்துக்கு விளம்பரம் சொல்கிற வேகத்தில் மூச்சு எங்கே விடுகிறார் என்று கண்டுபிடிக்க அங்கிளும் நண்பர்களும் பந்தயம் கட்டுவார்களாம். அவர் குரல் கேட்டு ஓடிப்போய்ப் படம் பார்த்தவர்கள், வந்து தபாலட்டை வாங்கித் தங்கள் விருப்பத்தை எழுதினார்கள். பெயரும் ஊரும் வானொலியில் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க ஒழுங்கையில் அவர்தான் கதாநாயகன்.

மறுபடி இன்றைய படத்துக்கு வந்தால், 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் 'மலையூரு நாட்டாம' பாட்டு எழுந்த இடத்தை நால்வரும் எனக்கு நடித்தே காட்டினார்கள். தமன் இசையமைத்த பழைய பாட்டு. தம்பிக்குப் புத்தம் புதியது, எழும்பி ஆடியிருக்கிறார். அங்கிளோ முதல் அடியிலேயே கண்ணை மூடிப் புன்னகைத்திருக்கிறார். அவருக்குப் படத்தின் பெயரோடு நினைவு வந்துவிட்டது. இரண்டு தலைமுறை ஒரே நொடியில், வேறு வேறு காரணத்துக்காக! இந்த ஒரு காட்சிக்காகவே நான் அன்றைக்கு அவர்களோடு இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

சவுண்ட்ஸ் அதிகம் பேசாதவர். ஆனால் பாட்டு விசயத்தில் கடைசிச் சொல் அவருடையது. புதுப்பாட்டு வந்தால் வீட்டுப் பெட்டியில் கேட்டுத் தீர்ப்புச் சொல்லமாட்டார். முதலில் ஓட்டோவுக்குள் போட வேண்டும். என்ஜின் சத்தத்தைத் தாண்டி மெட்டு நிற்கிறதா? அடுத்து மண்டபம். நானூறு பேர் சாப்பிட்டுக்கொண்டு கதைக்கும்போது வரி கேட்கிறதா? கடைசியாகத் திறந்த வெளி. வீதி முழுக்கக் குழாய் கட்டித் தொலைவில் நின்று கேட்டால் என்ன மிஞ்சுகிறது? இப்போது வருகிற பாட்டுகளில் அடித்தாளம் கூடிக் குரல் அமுங்கிப்போகிறது என்பது அவருடைய குறை. "குரலுக்கு இடம் விட்டவன் இளையராஜா. அதுதான் நாப்பது வருசமாகியும் குழாயில நிக்குது" என்றார். ரீச்சர் ராகத்தை வைத்துச் சொல்கிற அதே முடிவுக்கு இவர் வயரைப் பிடித்துக்கொண்டு வந்து சேருகிறார்.

உள்ளூர் இசைக்கு வந்தால் சவுண்ட்ஸின் முகமே மாறிவிடுகிறது. 2013இல் மணிரத்னத்தின் 'கடல்' வந்தது. அதில் ரஹ்மானுக்காக 'மகுடி' பாட்டில் ராப் பாடியவர் ஏடிகே என்கிற நம் தினேஷ் கனகரத்னம். அந்தப் பாட்டை அன்று எத்தனை ஓட்டோவில் போட்டுக் காட்டினேன் என்று கணக்கில்லை என்கிறார். அதற்கு முன்பே கிரிஷான் மகேசனின் தமிழ் ராப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. அவர்களுக்கும் முன்னால் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', சிலோன் மனோகரின் 'சுராங்கனி'. பைலா தாளமும் தமிழும் கைகோத்த பொப்பிசை இந்தத் தீவில் பிறந்தது. 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய் எத்தனையோ மொழிகளில் ஏறிவிட்டது. அதை யாராவது தமிழ்நாட்டுப் பாட்டு என்று சொன்னால் சவுண்ட்ஸ் விடவே மாட்டார், பிறப்புச் சான்றிதழ் காட்டாத குறையாக வாதாடுவார்.

ரீச்சரின் கைப்பையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். பெரும்பாலும் கே.எஸ். சிவகுமாரனுடையது. மட்டக்களப்பில் பிறந்து கொழும்பில் வாழ்ந்து 2022இல் மறைந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓயாமல் படங்களைப் பற்றி எழுதியவர். 'அசையும் படிமங்கள்' அவருடைய நூல். திரைப்பட விழாக்களில் பார்த்த உலகப் படங்களை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரிச் சின்னச் சின்னப் பத்திகளாகத் தமிழ் வாசகருக்குக் கொடுத்தார். யாரையும் வெட்டிச் சாய்க்கமாட்டார். முதலில் நல்லதைத் தேடுவார். "எங்களுக்கு அவர்தான் பெரியவர்" என்றார் ரீச்சர். மரைன் டிரைவ் சுவரில் நடக்கிற இந்த அரட்டைக்கு இப்படி ஒரு பரம்பரை இருப்பது எனக்கு அளவில்லாத சந்தோசம்.

அங்கிள் அடுத்துச் சொன்ன விசயத்தில் சத்தம் கொஞ்சம் இறங்கியது. இந்த நாட்டில் நாமும் தமிழ்ப்படம் எடுத்தோம். கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜாவின் 'குத்துவிளக்கு' 1972இல் வந்தது. வானொலி நாடகத்திலிருந்து பிறந்த 'கோமாளிகள்' 1976இல் வந்து சனத்தைத் தியேட்டருக்கு இழுத்தது. தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணம் போய் 'பொன்மணி' எடுத்தார். செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' 1978இல் திரைக்கு வந்தது. பிறகு 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. படச்சுருள்களும் சேர்ந்து போயின. மிச்சத்தை இன்றைக்கு நாம் அறிவது தம்பிஐயா தேவதாஸ் போன்றவர்கள் பொறுமையாகத் திரட்டி எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' போன்ற நூல்களால்தான்.

"ஆனா அங்கிள், இப்ப திரும்ப எடுக்கிறாங்கதானே!" என்று தம்பி உடனே சூட்டை ஏற்றினார். 2018இல் கிங் ரட்ணத்தின் 'கோமாளி கிங்ஸ்' கொழும்புத் தியேட்டர்களில் ஓடியபோது முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்தவர் அவர். யாழ்ப்பாணத்திலும் இளையவர்கள் சின்னக் காசில், பெரிய ஆசையில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படங்களுக்கு இல்லாதது விளம்பரக் காசு. அதை ஈடுசெய்யக் கூடியது, பார்த்துவிட்டு வந்து வாய் ஓயாமல் கதைக்கிற இந்த மாதிரிச் சனம்தான். விஜய் படத்துக்கும் ரஜினி படத்துக்கும் நாம் கொடுக்கிற அதே ஆர்ப்பாட்டத்தை, அதே சண்டையை, அதே நள்ளிரவுக் குரல்பதிவை உள்ளூர்ப் படத்துக்கும் கொடுத்தால் போதும். நல்லது என்று பொய் சொல்லத் தேவையில்லை. எங்கே பிடித்தது, எங்கே சறுக்கியது என்று, இடைவேளை ரோல்ஸ் விதியின்படி, நேராகச் சொன்னாலே அந்த இளைஞர்களுக்கு அடுத்த படத்துக்கு வழி தெரியும்.

ஆகவே வாசகரே, அடுத்த இலங்கைத் தமிழ்ப்படம் வெளியாகிற அன்றைக்கு முதல் காட்சிக்கு வாருங்கள். வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் சரி. படம் முடிந்ததும் ஓட்டோவைப் பிடித்து ஓடிவிடாமல் எங்களோடு வீதியோரம் நின்று உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.